வேகமானி சொல்லாத கோணம்: திரும்பும் விமானத்தின் இறக்கைக்கு என்ன நேர்கிறது?

1905 செப்டம்பர் 28. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகருக்கு வெளியே இருந்த ஹஃப்மன் மேய்ச்சல் வெளியில் ஆர்வில் ரைட் தங்களது மூன்றாவது விமானத்தை வட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வெளியில் ஒரு முள்மரம் நின்றது. அதைச் சுற்றித் திரும்பியபோது விமானம் சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றுவிட்டது. தாழ்ந்திருந்த உள்பக்க இறக்கையை நிமிர்த்த அவர் செய்த எதற்கும் அது இணங்கவில்லை. மரம் நெருங்கிக்கொண்டே வந்தது. இனி தரையிறக்கிவிடுவதுதான் வழி என்று மூக்கைக் கீழே திருப்பினார். உடனே தாழ்ந்திருந்த இறக்கை மேலெழுந்தது. சில கிளைகளை முறித்துக்கொண்டு மரத்தைத் தாண்டிய விமானம் பத்திரமாகக் கொட்டகைக்குத் திரும்பியது.

முதல் முழு வட்டத்தை வில்பர் ரைட் 1904 செப்டம்பர் 20 அன்றே அடித்துவிட்டார். ஆனால் திருப்பங்களில் விமானம் சில சமயம் கையை மீறிப்போவதன் காரணம் அண்ணன் தம்பி இருவருக்கும் ஓராண்டாகப் பிடிபடவில்லை. முள்மரச் சம்பவம் அதற்கு விடை கொடுத்தது. அடுத்த வாரமே, அக்டோபர் 5 அன்று, வில்பர் அதே வெளியைச் சுற்றிச் சுற்றி சுமார் 39 நிமிடங்களில் 39 கிலோமீட்டர் பறந்தார்.

இறக்கை தாழ்ந்து கிடக்கும்போது மூக்கையும் தாழ்த்தினால் அது எப்படி உயரும்? இந்தக் கேள்விக்கான விடையில்தான் திருப்பம் என்ற விஷயமே அடங்கியிருக்கிறது. விமானி பார்ப்பது வேகத்தை. இறக்கைக்குத் தெரிந்ததோ கோணம் மட்டுமே. நேராகப் பறக்கும்வரை இந்த இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகுவதில்லை. திரும்பத் தொடங்கியதும் விலகிவிடுகின்றன.

கோணம் எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இறக்கையைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் அதன் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு ஒரு நேர்கோடு வரையலாம். எதிரே வரும் காற்று அந்தக் கோட்டை எந்தக் கோணத்தில் சந்திக்கிறதோ அதுவே தாக்கு கோணம். மூக்கு அடிவானத்துக்கு மேலே எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. மூக்கு தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்; ஆனால் விமானம் அதைவிடச் செங்குத்தாக இறங்கிக்கொண்டிருக்கும். அப்போது தாக்கு கோணம் மிகப் பெரிதாக இருக்கும். மூக்கு வானத்தைப் பார்த்திருந்தாலும், பார்க்கும் திசையிலேயே விமானம் ஏறிக்கொண்டிருந்தால் கோணம் சிறிதுதான். அதனால் இந்தக் கோணத்தை ஜன்னல் வழியே வெளியே பார்த்து அறிந்துகொள்ள முடியாது.

இறக்கை தரும் தூக்குவிசை பெரும்பாலும் இரண்டைப் பொறுத்தது: தாக்கு கோணம், வேகத்தின் வர்க்கம். வேகம் குறைந்தால் கோணத்தைக் கூட்டி ஈடுகட்டலாம். ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. சாதாரணச் சிறு விமானங்களில் 15 முதல் 18 டிகிரி அளவில் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு விலகிவிடும். தூக்குவிசை சட்டென்று சரியும், விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் விசையான இழுவை எகிறும். விமானிகள் ஸ்டால் என்று சொல்வது இதைத்தான். எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சின் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருக்கும்போதும் இறக்கை ஸ்டால் ஆகும்.

நேர்ப்பறப்பில் வேகம் குறையக் குறைய கோணம் கூடிக்கொண்டே போய், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வரம்பைத் தொடும். அந்த வேகத்தைத்தான் கையேடுகள் ஸ்டால் வேகம் என்கின்றன. சிறு விமானங்களின் வேகமானியில், இயல்பான பறப்பு வேகங்களைக் குறிக்கும் பச்சை வில் தொடங்கும் இடம் அதுவே. இந்தப் பச்சை வில் பயிற்சி மாணவரின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிடுகிறது; பச்சைக்குள் இருந்தால் பாதுகாப்பு என்று அவர் நம்பத் தொடங்கிவிடுகிறார். இந்த நம்பிக்கை பலரின் உயிரைக் குடித்திருக்கிறது என்பதால்தான் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். அந்தக் கோடு நேர்ப்பறப்புக்கு, விமானம் முழு எடையோடு இருக்கும் நிலைக்கு, வரையப்பட்ட ஒன்று. திருப்பத்துக்கு அது பொருந்தாது.

திருப்பத்தில் என்ன நடக்கிறது? படகைப்போல் சுக்கானைத் திருப்பி விமானம் திரும்புவதில்லை. இறக்கைகளைச் சாய்க்கிறது. அதுவரை நேர் மேலாக இருந்த தூக்குவிசையும் அதோடு சாய்கிறது. சாய்ந்த விசையின் ஒரு பங்கு விமானத்தை வட்டத்தின் மையம் நோக்கி இழுக்கிறது. திருப்புவது அந்தப் பங்குதான். மிச்சம் இருக்கும் மேல்நோக்கிய பங்கு எடையைத் தாங்கப் போதாது. உயரம் குறையாமல் திரும்ப வேண்டுமானால் மொத்தத் தூக்குவிசையையே கூட்ட வேண்டும். வேகம் மாறாதபோது அதைக் கூட்ட ஒரே வழி கோணத்தைக் கூட்டுவது. விமானி கட்டுப்பாட்டுக் கோலைத் தன் பக்கம் இழுக்கிறார்.

எவ்வளவு கூட்ட வேண்டும்? 30 டிகிரி சாய்வில் இறக்கை எடையைப்போல் 1.15 மடங்கு தாங்க வேண்டும். 45 டிகிரியில் 1.41 மடங்கு. 60 டிகிரியில் இரண்டு மடங்கு. இருக்கையில் இருப்பவருக்கும் தன் உடல் இரட்டிப்பு எடையானதுபோல் தோன்றும். 75 டிகிரியில் கிட்டத்தட்ட 3.9 மடங்கு. முதல் 30 டிகிரிக்கு வெறும் 15 விழுக்காடுதான் கூடுகிறது. கடைசி 15 டிகிரி அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடுகிறது. மென்மையான திருப்பங்களிலேயே பழகியவருக்கு இந்த ஏற்றம் புலப்படாது. 60 டிகிரிக்கு அப்பால் ஒவ்வொரு டிகிரியும் மலைபோல் கனக்கும்.

இதைக் கோணத்தின் கணக்கில் பார்ப்போம். தூக்குவிசையே இல்லாத நிலையைச் சுழியம் என்று வைத்து, அங்கிருந்து 16 டிகிரியில் ஸ்டால் ஆகும் ஒரு சிறு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்டால் வேகம் நேர்ப்பறப்பில் 50 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). 100 நாட் வேகத்தில் நேராகப் பறக்கும்போது தாக்கு கோணம் 4 டிகிரி போதும். வேகம் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும் அல்லவா. அதே வேகத்தில் 60 டிகிரி சாய்ந்து உயரத்தையும் காத்துக்கொண்டு திரும்பினால் கோணம் 8 டிகிரி. இன்னும் பாதித் தூரம் கையில் இருக்கிறது, கவலை இல்லை.

தரையிறங்க வரும்போது கதை மாறுகிறது. வழக்கமான அணுகு வேகம் ஸ்டால் வேகத்தைப்போல் 1.3 மடங்கு, அதாவது 65 நாட். அந்த வேகத்தில் நேராகப் பறப்பதற்கே 9.5 டிகிரி செலவாகிவிடுகிறது. 30 டிகிரி சாய்வில் அது 11 ஆகும். 45 டிகிரியில் 13.4. சாய்வு 54 டிகிரியைத் தொடும்போது கோணம் 16 ஆகி இறக்கை ஸ்டால் ஆகிவிடும். வேகமானி அப்போதும் 65 நாட்டையே காட்டிக்கொண்டிருக்கும். முள் பச்சை வில்லுக்குள் 15 நாட் உள்ளே நிற்கும். உண்மையில் வரம்பை நெருங்கும்போது தூக்குவிசையின் ஏற்றம் நேர்கோடாக இராமல் வளையும் என்பதால் இந்த எண்கள் சற்று முன்பின் மாறும். ஆனால் போக்கு இதுதான்.

ஸ்டால் வேகத்தின் மொழியிலேயே சொல்ல வேண்டுமென்றால், அது சுமையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். நம் விமானத்தின் 50 நாட், 30 டிகிரி சாய்வில் 54 ஆகிறது. 45 டிகிரியில் 59. 60 டிகிரியில் 71. அதோடு கோணம் கூடும்போது இறக்கை நுனிச் சுழல்களால் எழும் இழுவையும் ஏறுகிறது: 60 டிகிரி சாய்வில் அந்த வகை இழுவை நான்கு மடங்கு. எஞ்சின் விசையைக் கூட்டாவிட்டால் வேகம் தானே குறையும். கீழிருந்து ஸ்டால் வேகம் ஏறி வருகிறது, மேலிருந்து பறக்கும் வேகம் இறங்கி வருகிறது. நடுவில் இருந்த இடைவெளி இரு பக்கமும் கரைகிறது.

ஒரு தவறான புரிதலை இங்கே விலக்க வேண்டும். சாய்ந்தால் ஸ்டால் வேகம் கூடும் என்று பல பாடப்புத்தகங்கள் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன. சாய்வு மட்டும் இறக்கைக்கு எந்தச் சுமையையும் ஏற்றுவதில்லை. 60 டிகிரிக்குச் சாய்த்துவிட்டுக் கோலை இழுக்காமல் விட்டால் மூக்கு தாழும், விமானம் இறங்கத் தொடங்கும், தாக்கு கோணம் முன்பு இருந்த அளவிலேயே நிற்கும். சுமை ஏறுவது, உயரத்தைக் காக்கவோ வட்டத்தைச் சுருக்கவோ விமானி கோலை இழுக்கும்போதுதான். சாய்வு தேவையை உண்டாக்குகிறது; கை அதை நிறைவேற்றுகிறது. ஆபத்தும் மீட்பும் ஒரே கையில் இருக்கின்றன என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது.

ஆர்விலின் முள்மரத்துக்கு விடை இதுவே. திருப்பத்தின் கூடுதல் சுமையைத் தாங்க அவரது விமானத்தின் உள்பக்க இறக்கை வரம்புக் கோணத்தைத் தொட்டிருந்தது. தொட்டபின், அதை நிமிர்த்த அவர் இறக்கையை மேலும் முறுக்கியபோது தூக்குவிசை கூடவில்லை; இழுவைதான் கூடியது. மூக்கைத் தாழ்த்தியதும் கோணம் குறைந்தது, விலகியிருந்த காற்று மீண்டும் ஒட்டியது, இழந்த வேகமும் திரும்பியது, இறக்கை உயிர்பெற்றது.

இதுவரை இரண்டு இறக்கைகளையும் ஒன்றாகவே பேசினோம். ஆனால் திருப்பத்தில் அவை ஒரே காற்றைச் சந்திப்பதில்லை. சாயத் தொடங்கும் அந்தச் சில நொடிகளிலேயே வேறுபாடு ஆரம்பமாகிவிடுகிறது. கீழே போகும் இறக்கைக்குக் காற்று அடியிலிருந்து வருவதுபோல் படுகிறது. அதன் தாக்கு கோணம் கூடுகிறது. மேலே போகும் இறக்கைக்குக் குறைகிறது. நொடிக்கு 30 டிகிரி வேகத்தில் உருளும் ஒரு விமானத்தில், நடுவிலிருந்து 5 மீட்டர் தள்ளியிருக்கும் நுனி நொடிக்கு 2.6 மீட்டர் கீழே இறங்குகிறது. விமானம் நொடிக்கு 50 மீட்டர் முன்னேறிக்கொண்டிருந்தால் அந்த நுனியில் கோணம் 3 டிகிரி கூடும். சாதாரண நிலையில் இது நல்லதே. தாழும் இறக்கை அதிகத் தூக்குவிசை பெற்று உருளலைத் தடுக்கிறது. விமானம் நிதானமாகச் சாய்வதற்கு இதுதான் காரணம். வரம்புக்கு அருகில் இதே விளைவு நேர்மாறாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

சாய்க்கும் கருவியும் கோணத்தோடுதான் விளையாடுகிறது. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் அசையும் தகடான எய்லரான் கீழே இறங்கினால் அந்தப் பகுதியின் பயனுறு கோணம் கூடுகிறது, மேலேறினால் குறைகிறது. ரைட் சகோதரர்கள் எய்லரான் இல்லாமல் இறக்கையையே முறுக்கினார்கள். கோணம் கூடிய பக்கத்தில் இழுவையும் கூடி, விமானத்தின் மூக்கு திருப்பத்துக்கு எதிர்த் திசையில் இழுபட்டதை அவர்கள் எஞ்சின் இல்லாத கிளைடர்களிலேயே கண்டார்கள். 1902 கிளைடரில் முதலில் அசையாத வால் வைத்துப் பார்த்து, பிறகு அதை அசையும் சுக்கானாக மாற்றியது இதைச் சரிக்கட்டத்தான். 1906இல் அவர்கள் பெற்ற காப்புரிமையின் மையமும் இந்த ஏற்பாடுதான்.

சாய்வு நிலைபெற்று, விமானம் சீராக வட்டமடிக்கத் தொடங்கிய பிறகும் வேறுபாடு ஓய்வதில்லை. வெளிப்பக்க இறக்கை பெரிய வட்டத்தில் ஓடுகிறது, அதனால் அதற்கு வேகம் அதிகம். பயணிகள் ஜெட் விமானத்தில் இது பொருட்டே அல்ல. 250 நாட் வேகத்தில் 25 டிகிரி சாய்ந்து திரும்பும் ஒரு போயிங் 737இன் வட்ட ஆரம் மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். அதன் நுனிகளுக்கும் நடுவுக்கும் இடையே வேக வேறுபாடு அரை விழுக்காடுகூட இல்லை. எஞ்சின் இல்லாத கிளைடரைப் பாருங்கள். வெப்பக் காற்றுத் தூணுக்குள் தங்க, மணிக்கு 83 கிலோமீட்டர் வேகத்தில் 45 டிகிரி சாய்ந்து சுற்றும் ஒரு 15 மீட்டர் இறக்கை நீளமுள்ள கிளைடரின் வட்ட ஆரம் 54 மீட்டர்தான். உள்நுனி மணிக்கு 75 கிலோமீட்டரில் போகிறது, வெளிநுனி 91இல். கோணம் சமமாக இருந்தால் வெளிநுனி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு தூக்குவிசை பெறும். அதனால் கிளைடர் தானாகவே மேலும் மேலும் சாயப் பார்க்கும். விமானி கோலைத் திருப்பத்துக்கு எதிர்ப்பக்கம் சற்றே பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டியிருக்கிறது. அப்படிப் பிடிக்கும்போது உள்பக்க எய்லரான் இறங்குகிறது. ஏற்கெனவே மெதுவாகப் போகும் இறக்கையின் கோணம் இன்னும் கூடுகிறது.

ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ திரும்பினால் இன்னொரு வேறுபாடும் சேரும். சுழல்படிக்கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுத்தூணை ஒட்டி இறங்குபவருக்கும் வெளிச்சுவரை ஒட்டி இறங்குபவருக்கும் ஒரு சுற்றில் இறங்கும் உயரம் ஒன்றே. ஆனால் தூணை ஒட்டியவர் நடக்கும் தூரம் குறைவு, அதனால் அவரது பாதை செங்குத்து. இறங்கும் திருப்பத்தில் உள்பக்க இறக்கை தூணை ஒட்டியவர். காற்று அதற்கு மேலும் அடியிலிருந்து வருகிறது, தாக்கு கோணம் கூடுகிறது. ஏறும் திருப்பத்தில் கணக்கு தலைகீழ்: செங்குத்தாக ஏறும் உள்பக்கத்துக்குக் கோணம் குறைவு, வெளிப்பக்கத்துக்கு அதிகம். எனவே ஏறும் திருப்பத்தில் கோணம் வரம்பைத் தாண்டினால் உயர்ந்திருக்கும் வெளிப்பக்க இறக்கையே முதலில் விழக்கூடும். விமானம் திருப்பத்துக்கு எதிர்த் திசையில் உருளும். இறங்கும் திருப்பத்தில் தாழ்ந்த இறக்கை மேலும் தாழ்ந்து, உள்நோக்கிக் கவிழும். அளவில் இந்த வேறுபாடு சிறியதுதான். மேலே சொன்ன கிளைடர் நொடிக்கு ஒரு மீட்டர் இறங்கினால் இரு நுனிகளுக்கும் இடையே அரை டிகிரிகூட வராது. ஆனால் வரம்பின் விளிம்பில் நிற்கும் இறக்கைக்கு எது முந்திக்கொள்ளும் என்பதைத் தீர்மானிக்க அரை டிகிரி போதும்.

இவை அனைத்தும் ஒரே இடத்தில் ஒன்றுகூடுவது தரையிறங்குவதற்கு முந்தைய கடைசித் திருப்பத்தில். ஓடுபாதைக்குக் குறுக்காக வந்து, 90 டிகிரி திரும்பி, அதன் நேர்க்கோட்டில் சேர வேண்டும். உயரம் 500 அடி அளவில். பின்காற்று தள்ளியதால் விமானம் கோட்டைத் தாண்டிப்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். விமானிக்கு வட்டத்தைச் சுருக்க வேண்டும். தரை இவ்வளவு அருகில் இருக்கும்போது அதிகம் சாய்க்க மனம் அஞ்சுகிறது. அதனால் சாய்வை 30 டிகிரியிலேயே வைத்துக்கொண்டு, உள்பக்கச் சுக்கான் மிதியை அழுத்தி மூக்கை ஓடுபாதை பக்கம் தள்ளுகிறார்.

அங்கிருந்து ஒவ்வொரு திருத்தமும் உள்பக்க இறக்கையின் கோணத்தைக் கூட்டுவதாகவே அமைகிறது. மூக்கு உள்ளே திரும்பும்போது வெளிப்பக்க இறக்கை விரைகிறது, உள்பக்கம் பின்தங்குகிறது. வெளிப்பக்கம் உயர, சாய்வு கூடத் தொடங்குகிறது. அதைத் தடுக்க விமானி கோலை எதிர்ப்பக்கம் சாய்க்கிறார். உள்பக்க எய்லரான் இறங்குகிறது, அங்கே கோணமும் இழுவையும் கூடுகின்றன. மிதியால் மூக்கு தாழவும் செய்கிறது. தரை கண்ணுக்குப் பெரிதாகத் தெரிய, கோலைப் பின்னால் இழுக்கிறார். இரு இறக்கைகளின் கோணமும் சேர்ந்து ஏறுகின்றன. வரம்புக்கு மிக அருகில் நிற்பது உள்பக்கம், அதுவே முதலில் அதைத் தாண்டுகிறது. அது விழும். விழும்போது அதன் கோணம் இன்னும் கூடும். முன்பு உருளலைத் தடுத்த அதே கூடுதல் கோணம் இப்போது தூக்குவிசையை மேலும் குறைக்கிறது. வரம்புக்கு அப்பால் கோணம் கூடினால் விசை குறையும் என்பதால் உருளல் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. விமானம் சுழன்றபடியே விழும் ஸ்பின்னின் தொடக்கம் இதுவே. விமானம் ஓரிரு நொடிகளில் தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். செஸ்னா 172 கையேடு ஒரே ஒரு சுற்று ஸ்பின்னுக்கும் அதிலிருந்து மீள்வதற்கும் குறைந்தது 1,000 அடி உயரத்தை ஒதுக்கச் சொல்கிறது. இங்கே இருப்பது அதில் பாதி.

இந்த விமானி செய்தவற்றில் எதுவும் கிறுக்குத்தனமல்ல என்பதுதான் மனத்தை வருத்துகிறது. அதிகம் சாயாமல் இருந்தார். எதிர்பாராத சாய்வைத் திருத்தினார். தாழும் மூக்கைத் தூக்கினார். கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் இயல்பான எதிர்வினை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுதான் அவரைக் கொன்றது. அவர் செய்திருக்க வேண்டியது, திருப்பத்தைக் கைவிட்டு, இறக்கைகளை நிமிர்த்தி, எஞ்சின் விசையைக் கூட்டி ஏறி மறுபடி வருவது. பயிற்றுநர்கள் இதை ஆயிரம் முறை சொல்கிறார்கள். ஆனால் சொல்லும் விதம் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியதாகவே இருக்கிறது.

தேர்ந்தவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 1994 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ஃபேர்சைல்ட் விமானப்படைத் தளத்தில், வான்காட்சி ஒத்திகையின்போது ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சுற்றித் தாழ்வாக, இறுக்கமாகத் திரும்பியது; சாய்வு 90 டிகிரியைத் தாண்ட, ஸ்டால் ஆகி விழுந்தது. நால்வரும் இறந்தனர். 2010 ஜூலை 28 அன்று அலாஸ்காவின் எல்மெண்டார்ஃப் தளத்தில் ஒரு சி-17 சரக்கு விமானம் அதேபோன்ற ஒத்திகையில் செங்குத்தாகச் சாய்ந்து திரும்பும்போது விழுந்து, அதில் இருந்த நால்வரும் இறந்தனர். ஸ்டால் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருந்தபோதும் திருப்பம் தொடர்ந்தது.

கோணத்தை நேரடியாக அளந்து விமானியின் கண்முன் வைத்தால் என்ன? கடினமான காரியமல்ல. ரைட் விமானத்தின் முன்பக்கத்தில் கட்டியிருந்த நூல், காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டியது. இன்றைய ஜெட் விமானங்களின் மூக்கின் இரு பக்கங்களிலும் சிறு துடுப்புபோன்ற தகடுகள் காற்றோடு திரும்பிக் கோணத்தை அளக்கின்றன. விமானம் தாங்கிக் கப்பலில் இறங்கும் அமெரிக்கக் கடற்படை விமானிகள் வேகமானியை நம்பி வருவதில்லை. கோணங்காட்டியைப் பார்த்தே வருகிறார்கள். எடை எவ்வளவாக இருந்தாலும் சரியான கோணம் ஒன்றே என்பதால் மனக்கணக்குக்கு வேலையில்லை. ஏர்பஸ் விமானங்களில் கணினியே காவலாக நிற்கிறது. 33 டிகிரி வரை சாய்ந்தால் திருப்பத்துக்குத் தேவையான கூடுதல் கோணத்தை அதுவே கொடுத்துவிடும், விமானி கோலை இழுக்க வேண்டாம். 67 டிகிரிக்கு மேல் சாய்க்கவே விடாது; அந்தச் சாய்வில் சுமை ஏறக்குறைய இரண்டரை மடங்கு, பயணிகள் விமானத்தின் கட்டமைப்பு வரம்பும் அதுவே. கோணம் வரம்பை நெருங்கினால், எவ்வளவு இழுத்தாலும் தாண்ட விடாது.

சிறு விமானங்களில் பலவற்றுக்கு இன்றும் கோணங்காட்டி கிடையாது. ஒரு எச்சரிக்கை ஊதலோடு சரி. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2014இல்தான் அவற்றில் இதைப் பொருத்துவதற்கான ஒப்புதல் நடைமுறையை எளிதாக்கியது. நூறாண்டுக்கு முன்பே ஒரு நூல் துண்டு செய்த வேலைக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

அளவி மட்டும் போதாது, அது சொல்வது உண்மையாகவும் இருக்க வேண்டும் என்பதைப் போயிங் 737 மேக்ஸ் துயரம் காட்டியது. அந்தத் துயரத்தின் வேரிலும் ஒரு திருப்பம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சான்றளிப்புச் சோதனைகளில் விமானத்தை வேகம் மாறாமல் திருப்பி, திருப்பத்தைப் படிப்படியாக இறுக்கிக்கொண்டே போவார்கள்; தாக்கு கோணம் சீராக ஏறும். அப்போது விமானியின் கையில் கோலின் இறுக்கமும் சீராகக் கூட வேண்டும் என்பது விதி. இழுக்க இழுக்க இலேசாகும் கோல், கவனிக்காமலே வரம்பைத் தாண்ட வைத்துவிடும். மேக்ஸின் பெரிய எஞ்சின்கள் முன்னும் மேலும் தள்ளிப் பொருத்தப்பட்டதால், பெரிய கோணங்களில் அவற்றின் உறைகளே தூக்குவிசை தந்து மூக்கை மேலே தள்ளின, கோல் இலேசானது. அதைச் சரிக்கட்ட வந்த மென்பொருள்தான் எம்காஸ். முதலில் அது அதிவேகத் திருப்பங்களுக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டது. கோணத்தோடு சுமையும் கூடினால்தான் இயங்கும். பிறகு குறைந்த வேக நிலைகளுக்கும் அதை விரித்தபோது சுமை நிபந்தனை நீக்கப்பட்டது. வாலின் நிலைத்தகட்டை அது அசைக்கும் அளவு 0.6 டிகிரியிலிருந்து 2.5 டிகிரி ஆனது. ஒரே ஒரு கோண உணரியின் பேச்சை மட்டும் கேட்டது. 2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானத்தில் அந்த உணரி சுமார் 21 டிகிரி பிழையாகக் காட்டியது. விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் விமானத்தில் 157 பேர். திருப்பத்தில் கோணம் எல்லை மீறாமல் காக்கப் பிறந்த ஒன்று, ஸ்டாலின் அருகில்கூட இல்லாத விமானங்களைத் தரைக்குத் தள்ளியது.

கோணங்காட்டி சரியாகவே இயங்கினாலும் அது தருவது ஒற்றை எண். ஓரிடத்தில் அளந்து, முழு விமானத்துக்கும் அதுதான் என்கிறது. சீரான திருப்பத்தில் அது போதும்: 30 டிகிரி சாய்வோ 60 டிகிரியோ, இரண்டு பேர் ஏறியிருந்தாலும் நான்கு பேர் ஏறியிருந்தாலும், முள் சிவப்பை நெருங்கினால் கையைத் தளர்த்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சுக்கானால் மூக்கைத் தள்ளித் திரும்பும் திருப்பத்தில் உள்பக்க இறக்கைக்கு ஒரு கோணம், வெளிப்பக்கத்துக்கு வேறு கோணம். காட்டி ஏதோ ஒன்றைத்தான் சொல்லும். அந்தப் பிரிவைக் காட்டுவது வேகமானிக்குக் கீழே வளைந்த கண்ணாடிக் குழாயில் உருளும் கருப்புக் குண்டு, அல்லது கிளைடரின் கண்ணாடிக் கூரையில் பசைநாடாவால் ஒட்டிய ஒரு சாண் சிவப்புக் கம்பளி நூல். குண்டு நடுவில் நின்றால், நூல் நேராகப் பின்னோக்கிப் பறந்தால், கோணங்காட்டியின் எண்ணை இரண்டு இறக்கைகளுக்கும் பெரும்பாலும் பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். குண்டு திருப்பத்தின் வெளிப்பக்கம் ஓடியிருந்தால் அந்த எண்ணை நம்பக் கூடாது. முதலில் உள்பக்க மிதியிலிருந்து காலை எடுக்க வேண்டும்.